தறிக்காரத் தாத்தாவின் கதையை எழுதும்போது நேரும் தவறுகள்

'கடின உழைப்பாளி, நேர்மையானவர், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்.' அறுபதாம் கல்யாண மலரானாலும் கருமாதிப் பத்திரிகையானாலும், சேலத்துத் தறிக்காரர் ஒருவரின் வாழ்க்கை இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. பெயரை மட்டும் மாற்றினால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் அப்படியே பொருந்தும். தொழிலை விட்டுவிட்டுக் குணத்தை எழுதுவதுதான் முதல் தவறு.

சேலம் நகரத்து அம்மாப்பேட்டையிலோ குகைப் பகுதியிலோ குழித்தறி (குழிக்குள் காலை விட்டு மிதிக்கும் கைத்தறி) நெய்தவர் என்றால் 'நெசவுத் தொழில் செய்தார்' என்று எழுதிவிட்டு நகரக்கூடாது. சொந்தத் தறியா, கூலித் தறியா? பட்டா, பருத்தியா? ஒரு பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூலில், எத்தனை வேட்டி விழும், நெய்து முடிக்க எத்தனை நாள்? நூல் கொடுத்தவர் யார், அவரிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு, எப்போது கழிந்தது? முன்பணம் கழியாமல் வேறு முதலாளியிடம் போவது லேசில்லை. ஒரு குடும்பம் ஒரே தெருவில் இருபது வருஷம் இருந்ததற்குக் காரணம் ஊர்ப்பற்றாக இருக்கலாம், இந்தக் கடனாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

'மாதச் சம்பளம் 60 ரூபாய்' என்று எழுதுவது தறிக்காரருக்குப் பொருந்தாது. அவருக்குக் கூலி உருப்படிக் கணக்கு. மழை பிடித்துக்கொண்டால் பாவுக்குக் கஞ்சி போட்டுக் காய வைக்க முடியாது, தறிக்குழியில் தண்ணீர் ஊறும். ஐப்பசி, கார்த்திகையில் அடுப்பு எப்படி எரிந்தது என்று தனியாகக் கேளுங்கள். அடகுக்கடை, கைமாற்று, தாய்மாமன் வீட்டு நெல் எல்லாம் அந்தப் பதிலில்தான் வரும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர் என்றாலும் இதே முறைதான். பழம் பறிப்பு ஏறக்குறைய கார்த்திகையில் தொடங்கி தை, மாசி வரை போகும். மற்ற மாதங்களில் கவாத்தா, களையெடுப்பா, நிழல் மரத்தில் கிளை கழிப்பதா என்று மாதவாரியாகக் கேட்டு எழுதுங்கள்.

தறியில் உட்கார்ந்தவர் ஒருவர், உழைத்தது ஒரு வீடு. குறுக்கு நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தது பாட்டி, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எடுபிடி வேலைக்கு நின்றது பிள்ளைகள். விடிகாலையில் பாவடித் திடலில் பாவை நீட்டும்போது அக்கம்பக்கத்தாரும் வந்து பிடித்திருப்பார்கள். தாத்தாவின் கூலியை மட்டும் எழுதிப் பாட்டியை 'இல்லத்தரசி' என்று போட்டால் கணக்கு தப்பு.

காசு விஷயத்தில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'எட்டணா கூலி' என்று பெரியவர் சொன்னதும் அது அணாக் காலம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ரூபாய்க்கு நூறு பைசா என்று வந்தது 1957 ஏப்ரல் 1-ல். ஆனால் அதற்குப் பிறகும் ஐம்பது பைசாவை எட்டணா என்றும், இருபத்தைந்தை நாலணா என்றும்தான் ஜனங்கள் சொன்னார்கள். எனவே அந்தச் சொல்லை மட்டும் வைத்து வருஷம் சொல்ல முடியாது. அன்றைய எட்டணா இன்றைக்கு எவ்வளவு என்று ஊகித்து எழுதவும் வேண்டாம். அந்தக் காசுக்கு எத்தனை படி அரிசி வந்தது என்று கேட்டு அதை எழுதினால் போதும்.

அடுத்தது பிறந்த தேதி. பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1 என்றோ மே மாதத்து ஒரு தேதி என்றோ இருந்தால் சந்தேகப்படுங்கள். கையைத் தலைக்கு மேல் வளைத்து மறுபக்கக் காதைத் தொட்ட பிள்ளைக்கு வயது ஐந்து என்று கணக்கிட்டு, வாத்தியார் போட்ட தேதியாக இருக்கலாம். சாதகம் இருந்தால் அதைத் தேடுங்கள். அங்கேயும் ஒரு குழி இருக்கிறது. 'பார்த்திப வருஷம் தை மாதம்' என்பதை 1945 என்று எழுதிவிடுவார்கள். பார்த்திப வருஷம் 1945 சித்திரையில் பிறந்து 1946 பங்குனியில் முடிந்தது. தை மாதம் என்றால் அது 1946 ஜனவரி, பிப்ரவரி. இரண்டு தேதியையும் குறித்து, எது எங்கிருந்து கிடைத்தது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் பள்ளித் தேதியை ஒட்டித்தான் வந்திருக்கும் என்பதால் அதையும் தள்ளிவிட முடியாது.

தேதியே கிடைக்காவிட்டால் ஊர் நடப்பை வைத்துப் பிடிக்கலாம். மேட்டூர் அணை வேலை நடந்தது 1925 முதல் 1934 வரை. சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது 1937 அக்டோபர் 1. சேலம் சிறையில் துப்பாக்கிச் சூடு நடந்தது 1950 பிப்ரவரி 11. சேலம் உருக்காலையில் உற்பத்தி தொடங்கியது 1981. 'கள்ளுக்கடை மூடினப்ப அப்பாவுக்குத் தறிக்குழியில கால் எட்டாது' என்று அத்தை சொன்னால், அவர் 1930-ஐ ஒட்டிப் பிறந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம். 'சுமாராக' என்று சேர்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

பழைய பத்திரத்தில் 'சேலம் ஜில்லா' என்று இருந்தால் இன்றைய சேலம் மாவட்டத்துக்குள்ளேயே தேடாதீர்கள். தருமபுரி பிரிந்தது 1965-ல், நாமக்கல் 1997-ல். ஓசூர்க்காரரும் ராசிபுரத்துக்காரரும் அந்த ஒரே ஜில்லாவில் இருந்தவர்கள்தான்.

பெயரில் வரும் குழப்பம் இதையெல்லாம் மிஞ்சும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வீடுகளில் பழனிசாமி மகன் முத்துசாமி, அவர் மகன் பழனிசாமி, அவர் மகன் முத்துசாமி என்று பெயர் மாறி மாறி வரும். தாத்தாவும் பேரனும் இனிஷியல் உட்பட 'ப. முத்துசாமி' ஆகிவிடுவார்கள். நிலப் பத்திரம் யாருடையது என்ற சண்டையே இதனால் வருவதுண்டு. எழுதும்போது ஒவ்வொரு பெயரோடும் பிறந்த வருஷத்தைச் சேர்த்துவிடுங்கள். 'மாமா' என்றும் மொட்டையாக எழுத வேண்டாம். அம்மாவின் தம்பி, அத்தையின் கணவர், மனைவியின் அப்பா எல்லாருமே நமக்கு மாமாதான்.

'உங்க வாழ்க்கையப் பத்திச் சொல்லுங்க தாத்தா' என்று கேட்டால் 'என்னத்தச் சொல்றது, கஷ்டப்பட்டோம்' என்பதோடு பேச்சு நின்றுவிடும். பரணிலிருக்கும் தறி நாடாவை, அதாவது குறுக்கு நூலை இப்படியும் அப்படியும் கொண்டுபோகும் கட்டையை, எடுத்துக் கையில் கொடுங்கள். விரல் அதைத் தடவத் தொடங்கியதும் யார் செய்தது, எங்கே வாங்கியது, எத்தனை முறை தவறி விழுந்து முனை தேய்ந்தது என்று பேச்சு தானாக வரும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை மடித்த துண்டின் மேல் வைத்துப் பதியுங்கள். முக்கால் மணி நேரம் போதும். மகன்களையும் மருமகள்களையும் சுற்றி உட்கார வைக்காதீர்கள். கடனைப் பற்றியும் குடியைப் பற்றியும் அவர்கள் முன்னால் வாய் திறக்க மாட்டார்.

வீட்டில் பழைய மொய் நோட்டு கிடந்தால் கரையானுக்கு விடாதீர்கள். பிள்ளையார் சுழிக்குக் கீழே 'தாரமங்கலம் சின்னம்மா வீடு 2.00' என்று இருக்கும் வரி, அந்த வருஷம் யாரோடு போக்குவரத்து இருந்தது என்பதற்குச் சாட்சி. அடுத்த கல்யாண நோட்டில் அந்த வீடு இல்லையென்றால், ஏன் என்று கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில், அட்டையிலிருந்து வரிசை மாறாமல் படமெடுங்கள். பழைய போட்டோக்களின் பின்புறம் பெயர் எழுதும்போது பால்பாயிண்ட் பேனா கூடாது, அழுத்தினால் முகத்தில் தடம் விழும். மெத்தென்ற பென்சிலால் லேசாக, ஓரத்தில் எழுதுங்கள்.