பீரோவில் தூங்கும் பிலிம் கேமரா: விற்பதற்கு முன்னும் வைத்திருப்பதற்கு முன்னும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அக்கா மகன் ஒரு தோல் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். உள்ளே பென்டாக்ஸ் கே1000 பிலிம் கேமரா. அவன் தாத்தா வைத்திருந்தது.

"மாமா, இதை வித்துடலாமா, வெச்சுக்கலாமா?"

"கடைசியா எப்போ இதுல படம் எடுத்தே?"

"காலேஜ் டூர்ல. மூணு வருஷம் இருக்கும்."

இந்த வருடம் இதே கேள்வியோடு வந்த நாலாவது ஆள் அவன். நாலு பேரும் செய்திருந்த தவறுகளைக் கேட்டபோது யாரோ என் ஜாதகத்தையே எடுத்து வாசிப்பது போல இருந்தது. கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தவன் நான். டிஜிட்டலுக்கு மாறிய பிறகு அந்த நாலு பேரும் செய்த அத்தனையையும் செய்து முடித்திருக்கிறேன். லென்சை வேட்டி நுனியால் துடைக்காதே, கேமராவைக் கீழே போடாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

ரோல் போடாமலே முடிவெடுப்பது

வெறும் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால் யாருக்கும் விற்க மனம் வராது. லீவரை இழுத்து ஷட்டரை ஒரு தட்டுத் தட்டினால் போதும், அந்தச் சத்தமே ஆளை மயக்கிவிடும்.

36 படம் வரும் ரோல் ஒன்றை வாங்கிப் போடுங்கள். பிலிம், கழுவுவது, ஸ்கேன் எல்லாம் சேர்த்து இன்றைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். பரீட்சைக் கட்டணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். போட்ட தேதியை ஒரு துண்டு டேப்பில் எழுதிக் கேமராவின் முதுகில் ஒட்டுங்கள். மூன்று மாதத்தில் ரோல் முடிந்தால் உங்களுக்கு அந்தக் கேமரா வேண்டும். முடியாவிட்டால் உங்களுக்கு வேண்டியது அந்தச் சத்தம் மட்டும்தான்.

விற்பதென்று ஆனாலும் இந்த ரோல் வீண் போகாது. எங்காவது வெளிச்சம் கசிகிறதா, ஷட்டர் வேகம் சரியாக இருக்கிறதா என்பது நெகட்டிவைப் பார்த்தால் தெரிந்துவிடும். வாங்க வருகிறவர் முதலில் கேட்பதும் அதைத்தான்.

"எதற்கும் இருக்கட்டும்" என்று பீரோவில் வைப்பது

இதைச் சொல்லத்தான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வரும்.

என்னிடம் ஒரு நிகான் எஃப்எம்2 இருந்தது. 1982-இல் வந்த மாடல். ஷட்டர் முழுக்க இயந்திரம். பேட்டரி இல்லாமலே 1/4000 விநாடி வரை ஓடும், பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். அதோடு 105 மி.மீ. எஃப்/2.5 லென்ஸ். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 1984-இல் ஆப்கானியச் சிறுமியைப் படமெடுத்தாரே, அதே ஜோடி. மணப்பெண்ணின் முகத்தை அந்த லென்ஸில் எடுத்தால் ஸ்டூடியோவில் டச்சப் பண்ண வேலையே இருக்காது.

2009-இல் ஒருவர் வீட்டுக்கே வந்து பதினாலாயிரம் தருகிறேன் என்றார். அதற்குள் நான் பிலிமை விட்டு நாலு வருடம் ஆகிவிட்டது. "எதுக்கும் இருக்கட்டும் சார்" என்று அனுப்பிவிட்டேன். கேமராவைத் தோல் உறையில் போட்டு, பீரோவில் மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்தேன். அந்துருண்டை வேறு இருந்ததால் பத்திரமாக இருக்கும் என்று நம்பினேன். அந்துருண்டை பட்டைக் காக்கும், ஈரத்தை இழுக்காது. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை நடந்து போகிற தூரம்.

ஆறு வருடம் கழித்து எடுத்தேன். உறையின் வெளியே சாம்பல் பூத்திருந்தது. மவுண்ட் ரோடு பக்கம் ஒரு மாடியில் இருந்த ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். அவர் லென்சைக் கழற்றி, முழுதாகத் திறக்கும் எஃப்/2.5-க்குத் திருப்பி, பின்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை இழைகள்.

"ஃபங்கஸ் சார். தோல் உறை ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும். நீங்க பத்திரமா மூடி வெச்சீங்க, அது பத்திரமா வளர்ந்திருக்கு."

கழுவித் தரலாம், ஆனால் பூஞ்சை கண்ணாடியின் மேல்பூச்சை அரித்த இடம் அரித்ததுதான் என்றார். பிறகு கேமராவின் அடிப்பக்க மூடியைக் காசு வைத்துத் திருகினார். நான் எடுக்காமல் விட்ட இரண்டு எல்ஆர்44 பேட்டரியும் கசிந்து பச்சையும் வெள்ளையுமாகப் பொருக்குத் தட்டியிருந்தன. கசிவு ஒயர் வரை ஏறி மீட்டர் செத்திருந்தது. பின்மூடியைத் திறந்தால், வெளிச்சத்தைத் தடுக்கும் கறுப்பு நுரை கரைந்து தார் மாதிரி விரலில் ஒட்டியது. ஷட்டர் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. பாடிக்கு நாலாயிரம் தருவதாகச் சொன்னார். லென்ஸ்? "அதை நீங்களே வெச்சுக்குங்க சார்."

பத்தாயிரம் போனதுகூடப் பெரிதில்லை. விற்கவும் இல்லை, படம் எடுக்கவும் இல்லை, அந்த ஆறு வருடம் வேறு யாராவது அதில் படம் எடுத்திருப்பார்கள் என்பதுதான் உறுத்துகிறது. பீரோவில் வைத்தால் செலவில்லை என்று கணக்குப் போட்டேன். நம் ஊர்க் காற்று மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் வேலை இவ்வளவுதான். தோல் உறையைத் தனியாக வையுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல், கூடவே ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் நிம்மதி. 60-ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். நீல ஜெல் ரோஸ் நிறமானால் சூடாக்கி உலர்த்த வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி பாருங்கள். அரிசி டப்பாவில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈரம் போகிறதோ இல்லையோ, மாவு உள்ளே போகும். மொட்டை மாடி வெயிலில் காய வைப்பதும் வேண்டாம். சூட்டில் கிரீஸ் இளகி, லென்சுக்குள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அபெர்ச்சர் இதழ்களில் இறங்கும்.

மாதம் பத்து நிமிடம் எடுத்து வெறுமனே ஓட்டுங்கள். ஒவ்வொரு வேகத்திலும் இரண்டு தட்டு. முக்கியமாக 1 விநாடியில் வைத்துக் காதைக் கொடுங்கள். உள்ளே எண்ணெய் இறுகினால் முதலில் இழுப்பது மெதுவான வேகங்கள்தான். லென்ஸின் இரண்டு வளையங்களையும் கடைசி வரை திருப்புங்கள். ஷட்டரை இழுத்த நிலையில் விட்டு வைக்காதீர்கள்.

இந்தப் பத்து நிமிடம் அலுப்பாக இருக்கிறதா? அப்போது விற்றுவிடுங்கள். உண்மையாகத்தான் சொல்கிறேன்.

கேட்கிற விலையைப் போகிற விலை என்று நம்புவது

யாரோ ஐம்பதாயிரம் கேட்டு விளம்பரம் போட்டிருக்கிறார் என்றால், அந்த விலைக்கு அது இன்னும் விற்கவில்லை என்று அர்த்தம். விற்று முடிந்தவற்றின் விலையைப் பாருங்கள்.

மீட்டர் முள் அசையாததால் கேமரா செத்தது என்று தள்ளிவிடுவது

ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவை 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. அந்த பேட்டரி இப்போது தயாரிப்பில் இல்லை. முள் அசையாததைப் பார்த்துவிட்டு எனக்குத் தெரிந்த பையன் நல்ல ஓஎம்-1-ஐப் பழுது என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கொடுத்தான். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 பேட்டரி 1.4 வோல்ட், சுற்றி ஒரு வளையம் வைத்துப் பொருத்தினால் முள் எழுந்து நின்றிருக்கும். சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் மீட்டர் பொய் சொல்லும், அதையும் கவனியுங்கள்.

எல்லாக் கேமராவுக்கும் ஒரே தீர்ப்பு

கே1000, எஃப்எம்2 போன்ற இயந்திரக் கேமராக்களை அவசரமில்லாமல் யோசிக்கலாம். திறந்து, துடைத்து, எண்ணெய் போட ஆள் கிடைப்பார். தொண்ணூறுகளில் வந்த, பாக்கெட்டில் அடங்கும் தானியங்கிக் கேமராக்கள் அப்படியில்லை. உள்ளே சர்க்யூட் போனால் உதிரி பாகத்துக்கு இன்னொரு கேமராவைத்தான் உடைக்க வேண்டும். கான்டாக்ஸ் டி2 மாதிரி பெயர் பெற்ற ஒன்றைச் சும்மா வைத்திருந்தால், ஓடும்போதே விற்றுவிடுங்கள்.

உள்ளே பிலிம் இருக்கிறதா என்று பார்க்காமல் பின்மூடியைத் திறப்பது

பிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் குமிழை மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் உள்ளே யாரோ எடுத்த படம் இருக்கிறது. திறக்காதீர்கள்.

லென்சையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது

லென்சைக் கேமராவில் மாட்டும் நிகான் எஃப் மவுண்ட் 1959-இலிருந்து இருக்கிறது. பழைய லென்சை ஒரு அடாப்டர் போட்டு இன்றைய மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவில் மாட்டலாம். பாடி போகட்டும், லென்ஸ் இருக்கட்டும் என்பதும் ஒரு முடிவுதான்.

விற்ற காசில் அடுத்த வாரமே இன்னொரு பிலிம் கேமரா வாங்குவது

நானே மூன்று முறை.

அக்கா மகனுக்கு இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு ரோலைப் போட்டு, தேதி எழுதி ஒட்டிக் கொடுத்தேன். கே1000-இல் மீட்டரை அணைக்க சுவிட்ச் கிடையாது, லென்ஸ் மூடியைப் போட்டே வை, இல்லாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும் என்றும் சொல்லியனுப்பினேன். நேற்று வந்திருந்தான். மூடி இல்லை, பேட்டரி காலி. ஐந்து வாரம் ஆகியும் படம் எண்ணும் கவுண்ட்டர் 11-இல் நிற்கிறது.

"இன்னும் ஏழு வாரம் இருக்கே மாமா" என்கிறான்.