புஷ் செய்துவிட்ட தவறைத் திரும்பப் பெற: கிட் ரிவர்ட்

பில் போடும் கோடில் 18 சதவீத ஜிஎஸ்டியை 0.18 என்று எழுதாமல் 1.8 என்று அடித்து, கிட்டில் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) கமிட் செய்து, அதாவது மாற்றத்தைப் பதிந்து, சர்வருக்குப் புஷ்ஷும் செய்தாயிற்று. 100 ரூபாய்ப் பொருளுக்கு 280 ரூபாய் பில் வருகிறது. டீமில் மற்றவர்கள் அதைப் புல் செய்து எடுத்தும் விட்டார்கள்.

கை உடனே ரீசெட் ஹார்டுக்கும் (பழைய கமிட்டுக்கே திரும்பி, பிந்தையதைத் தூக்கியெறிவது) ஃபோர்ஸ் புஷ்ஷுக்கும் (சர்வரில் இருப்பதன் மேல் வலுக்கட்டாயமாக எழுதுவது) போகும். போகவிடாதீர்கள். நான் ஒருமுறை அப்படிச் செய்தபோது, கூட வேலை பார்ப்பவர் சற்றுமுன் ஏற்றிய இரண்டு கமிட்களும் சர்வரிலிருந்து போய்விட்டன. அவர் லேப்டாப்பில் இருந்ததால் தப்பித்தேன். பேரேட்டில் தப்பு விழுந்தால் கணக்குப்பிள்ளை அதை அழிக்க மாட்டார், எதிர்ப்பதிவு போடுவார். ரிவர்ட்டும் அதேதான்: பழைய கமிட் அப்படியே இருக்கும், அதை நேர்செய்யும் புதிய கமிட் ஒன்று சேரும்.

(கட்டளைகளை ஒலிப்பில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.)

படி 1: கிட் புல். புதிய நிலைக்கு வந்துவிடுங்கள்.

படி 2: கிட் லாக் --ஒன்லைன். ஒவ்வொரு கமிட்டும் ஒரு வரியாக வரும்:

4081937 ஜிஎஸ்டி விகிதம் மாற்றம்

முன்னால் இருப்பது அதன் அடையாள எண். அவசரப்படாமல் கிட் ஷோ 4081937 அடித்துப் பாருங்கள். மைனஸ் வரியில் 0.18, பிளஸ் வரியில் 1.8 தெரிந்தால் ஆள் இவன்தான். கூடவே வேறு நல்ல மாற்றமும் அதே கமிட்டில் இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அப்போது அந்த ஒரு வரியைக் கையால் திருத்திப் புதிதாகக் கமிட் செய்வதே மேல்.

படி 3: கிட் ரிவர்ட் 4081937. செய்தி எழுத எடிட்டர் திறக்கும். ஏன் திரும்பப் பெறுகிறீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். விம் திறந்து வெளியே வர வழி தெரியாமல் விழித்தால் எஸ்கேப் அழுத்தி, கோலன், டபிள்யூ, க்யூ, என்டர்.

கான்ஃபிளிக்ட் வந்தால், அதாவது அதே வரிகளைப் பிந்தைய கமிட் வேறு மாற்றியிருந்து கிட் முடிவெடுக்க முடியாமல் நின்றால், ஃபைலைச் சரிசெய்து, கிட் ஆட், பிறகு கிட் ரிவர்ட் --கன்டினியூ. குழம்பிவிட்டால் கிட் ரிவர்ட் --அபார்ட். தொடங்கிய இடத்துக்கே வந்துவிடலாம்.

படி 4: ஒரு பில் போட்டுப் பாருங்கள். 118 வந்தால் கிட் புஷ்.

திரும்பப் பெறுவது மெர்ஜ் கமிட் (தனியாக வளர்த்த ஒரு கிளையின் கோடை முதன்மைக் கிளையில் இணைக்கும் கமிட்) என்றால் ரிவர்ட் கட்டளையில் -எம் 1 சேர்க்க வேண்டும். அந்தக் கிளையைப் பின்னால் திருத்தி மறுபடி மெர்ஜ் செய்தால் பழைய மாற்றங்கள் திரும்பி வராது, ஏற்கெனவே சேர்ந்ததாகவே கிட் நினைக்கும். முதலில் ரிவர்ட்டையே ரிவர்ட் செய்யுங்கள்.

பாஸ்வேர்டைத் தவறிப்போய்க் கமிட் செய்திருந்தால் இந்த வழி உதவாது. ரிவர்ட்டுக்குப் பிறகும் பழைய கமிட்டில் அது அப்படியே கிடக்கும். முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.