வேலூரில் மாம்பழ சீசனை நாலு கூட்டமாகச் சுவைப்பது எப்படி

ஒயின் கிளப் வைத்திருப்பவர்கள் சீசன் தொடங்கும் முன்பே உட்கார்ந்து, எந்த மாதம் எந்த ஊர் ஒயின், ஒரு நாளைக்கு எத்தனை வகை, எதற்குப் பிறகு எது என்று அட்டவணை போட்டுவிடுவார்கள். நம்ம ஊரில் அந்த மரியாதை மாம்பழத்துக்குக் கிடைக்க வேண்டும். இந்தப் பக்கம் குடியாத்தம், பேரணாம்பட்டு. எல்லை தாண்டினால் சித்தூர். 1911 வரைக்கும் சித்தூர் வட ஆற்காடு ஜில்லாவில்தான் இருந்தது, ஜில்லாவின் தலைநகரமே அதுதான், அதனால் அங்கிருந்து வரும் பழத்தையும் நம்ம பழமாகவே நான் நினைக்கிறேன். இத்தனை இருந்தும் சீசன் முழுக்க பங்கனப்பள்ளியையே கிலோ கணக்கில் வாங்கிச் சாப்பிட்டு முடித்துவிடுகிறோம்.

எட்டுப் பேர் சேர்ந்தால் போதும். தெருவில் நாலு வீடு, அல்லது ஆபீஸ் நண்பர்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூலை வரை நாலு கூட்டம், ஒவ்வொன்றிலும் மூன்று வகை, அதற்கு மேல் வேண்டாம். நாலாவது வகைக்கு வரும்போது நாக்கு இனிப்பில் மரத்துப்போய் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும்.

முதல் கூட்டத்தில் முன்னதாக வரும் செந்தூராவும் புதிதாக வந்த பங்கனப்பள்ளியும், கூட எது கிடைக்கிறதோ அது. மே நடுவில் அல்போன்சா, காலாப்பாடி, நன்றாக விளைந்த பங்கனப்பள்ளி. ஜூன் தொடக்கத்தில் இமாம்பசந்த், மல்கோவா, கிடைத்தால் மல்லிகா. இந்தக் கூட்டத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், இமாம்பசந்த் வந்த வேகத்தில் போய்விடும். கடைசியில் நீலம், ருமானி, கிளிமூக்கு என்று நாம் சொல்லும் பெங்களூரா. மழையைப் பொறுத்து எல்லாமே பத்து நாள் முன்னே பின்னே ஆகும். மல்லிகாவை நீலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆசை இருந்தால் ஒரு வார்த்தை: நீலத்தையும் வடக்கத்தி தசேரியையும் கலப்பினம் செய்து உருவாக்கிய ரகம்தான் மல்லிகா.

இப்போது முக்கியமான வேலை, பழுக்க வைப்பது. நான் முதல் வருஷம் கூட்டத்தன்று காலையில் போய் ஆறு வகை வாங்கி வந்தேன். இரண்டு புளித்தன, ஒன்று அழுகல், மூன்றுதான் தேறின. அன்றிலிருந்து பழமாக வாங்குவதில்லை, விளைந்த காயாகத்தான் வாங்குகிறேன். கூட்டத்துக்கு ஐந்தாறு நாள் முன்பு மாங்காய் மண்டிக்கோ தெரிந்த தோட்டத்துக்கோ போங்கள். காம்புக்கு இரண்டு பக்கமும் தோள் எழும்பி, காம்பு இருக்கும் இடம் குழிந்திருந்தால் விளைந்த காய். வாளித் தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும், பிஞ்சாகப் பறித்தது மிதக்கும். பறித்த பிஞ்சை எத்தனை நாள் வைத்தாலும் நிறம்தான் மாறும், மணம் வராது.

வீட்டுக்கு வந்ததும் காம்புப் பால் போக அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்து, அட்டைப்பெட்டியில் வைக்கோலோ செய்தித்தாளோ பரப்பி, ஒன்றின்மேல் ஒன்று அழுத்தாமல் அடுக்குங்கள். பெட்டியை வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வைக்க வேண்டும், கத்திரி வெயிலில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் வைத்தால் வெளியே வெந்து உள்ளே வெளுத்திருக்கும். அவசரம் என்றால் பழுத்த வாழைப்பழம் ஒன்றைக் கூடப் போடுங்கள், அதிலிருந்து வரும் எத்திலீன் வேலையை வேகப்படுத்தும். கார்பைடு கல் பக்கமே போகக் கூடாது. சட்டப்படி அதற்குத் தடை இருக்கிறது, அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலந்து வரும். பழுக்காத காயைப் பிரிட்ஜில் வைத்தாலும் கெட்டுவிடும். தினமும் காலையில் பெட்டியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், காம்புப் பக்கம் மணம் எழும்பினால் இன்னும் ஒரு நாளில் தயார். எட்டுப் பேருக்கு வகைக்கு ஒரு பெரிய பழமே போதும், ஆனால் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது என்பதால் வகைக்கு நாலு வாங்குவேன்.

சரி, கூட்டத்தன்று மாலை ஐந்து மணி நல்ல நேரம். ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்ட வாயோடு வந்தால் எதுவும் தெரியாது, காபியும் ஒரு மணி நேரம் முன்பே நிறுத்திவிட வேண்டும். அந்த அறையில் ஊதுபத்தி வேண்டாம், தலையில் மல்லிகைப்பூவும் அன்று வேண்டாம் என்று அக்காமார்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்குதான். பழுத்த பழத்தைப் பிரிட்ஜில் வைத்திருந்தால் ஒரு மணி நேரம் முன்பே எடுத்து வெளியே வையுங்கள், குளிர்ந்த பழத்தில் மணம் அடங்கிப் போயிருக்கும்.

தட்டுகளில் 1, 2, 3 என்று மட்டும் எழுதுங்கள். பெயர் தெரிந்தால் அல்போன்சாவுக்குத்தான் எல்லாரும் மார்க் போடுவார்கள். பழத்தை மேசைக்கு வந்த பிறகே நறுக்கி, ஒவ்வொரு வகைக்கும் கத்தியைக் கழுவுங்கள். கதுப்பிலிருந்து ஆளுக்கு இரண்டு துண்டு போதும். சர்க்கரை இருப்பவர்களுக்கு ஒரு சின்னத் துண்டு, அதுவும் டாக்டர் என்ன சொல்லியிருக்கிறாரோ அதன்படி. லேசான இனிப்பில் தொடங்கி அடர்ந்த இனிப்புக்குப் போக வேண்டும், பெங்களூரா முன்னால், இமாம்பசந்த் எப்போதும் கடைசி. நடுவில் உப்பில்லாத பொரி ஒரு கை, வெறும் தண்ணீர் ஒரு மடக்கு.

முதலில் முகர வேண்டும், அப்புறம் துண்டை நாக்கால் மேலண்ணத்தில் நசுக்கி, மூக்கு வழியாக மூச்சை விட வேண்டும். அப்போதுதான் இமாம்பசந்தில் இருக்கும் அந்த லேசான எலுமிச்சை வாசனை பிடிபடும். மணம், நார், புளிப்பு, விழுங்கிய பிறகு வாயில் எவ்வளவு நேரம் நிற்கிறது, இந்த நாலையும் பேசாமல் நோட்டில் எழுதுங்கள். எல்லாரும் எழுதி முடித்த பிறகுதான் பேச்சு, ஏனென்றால் பெரியவர் ஒருவர் "நார் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டால் மற்றவர்களுக்கும் நார்தான் தெரியும்.

ஒரு கூட்டத்தை மட்டும் ஒரே ரகத்துக்கு ஒதுக்கிப் பாருங்கள். குடியாத்தத்துப் பங்கனப்பள்ளி, சித்தூர் பக்கத்தது, கிருஷ்ணகிரியிலிருந்து வந்தது, மூன்றும் பக்கத்தில் பக்கத்தில். மண்ணும் தண்ணீரும் பறித்த நாளும் பழத்தில் என்ன செய்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, இந்த மூன்று தட்டுக்காகவே வருஷாவருஷம் கூட்டம் போடுகிறேன்.

எந்தக் கடை, வாங்கிய தேதி, எத்தனை நாளில் பழுத்தது, இதையும் அதே பக்கத்தில் குறித்துவையுங்கள். அடுத்த ஏப்ரலில் மண்டிக்குக் கிளம்பும்போது அந்த நோட்டைத்தான் கையில் எடுப்பீர்கள்.