டிடன்ட், வாஸன்ட், வேரன்ட்: நம் 'இல்லை'யை ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொல்ல

'போனேன்' என்பதற்கு எதிர்மறை என்ன? 'போகவில்லை'. 'போனவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. 'இல்லை' வந்து சேர்ந்ததும் 'போன' என்ற இறந்தகால உருவம் போய், வெறும் 'போக' நிற்கிறது. ஆங்கிலத்திலும் இதே கதைதான்: 'வென்ட்' என்பது 'டிடன்ட் கோ' ஆகும். 'டிடன்ட் வென்ட்' என்பது 'போனவில்லை' மாதிரி. ஒரே வேறுபாடு, நம் 'வரவில்லை' நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் காலத்தை 'டிட்' சுமந்துகொள்கிறது. அதனால் அடுத்த வினைச்சொல் மறுபடி சுமக்க வேண்டியதில்லை.

படி 1: எதை மறுக்கிறீர்கள்?

செயலை மறுத்தால் டிடன்ட். 'நேற்று சமைக்கவில்லை': ஐ டிடன்ட் குக் யெஸ்டர்டே. இருப்பையோ நிலையையோ மறுத்தால் வாஸன்ட் அல்லது வேரன்ட். 'நேற்று ஊரில் இல்லை': ஐ வாஸன்ட் இன் டவுன் யெஸ்டர்டே. இரண்டையும் கலந்தால்தான் 'ஐ வாஸன்ட் குக்' என்ற பிழை வருகிறது. 'சமைத்துக்கொண்டிருக்கவில்லை' என்று சொல்ல வேண்டுமானால் 'ஐ வாஸன்ட் குக்கிங்' சரி.

பலர் தடுக்கி விழும் இடம் 'அப்போது என்னிடம் பணம் இல்லை'. நமக்கு இது வெறும் 'இல்லை'; ஆங்கிலத்தில் 'வைத்திருத்தல்' ஒரு வினை. ஆகவே 'ஐ டிடன்ட் ஹேவ் மணி'.

படி 2: எழுவாயைப் பாருங்கள்

ஐ, ஹி, ஷி, இட் வந்தால் வாஸன்ட். வி, யூ, தே வந்தால் வேரன்ட். 'யூ' ஒரே ஆளைக் குறித்தாலும் வேரன்ட்தான். டிடன்ட் எல்லாருக்கும் பொது.

படி 3: மேற்குறியை (அபாஸ்ட்ரஃபி) வையுங்கள்

'டிட்', 'நாட்' இரண்டையும் இடைவெளி விடாமல் சேருங்கள். 'நாட்'டில் உள்ள ஓ எழுத்தை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்திலேயே குறியைப் போடுங்கள். அதாவது டி, ஐ, டி, என், குறி, டி. சொற்கள் ஒட்டும் இடத்தில், என்னுக்கு முன்னால் குறி போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குறி விடுபட்ட எழுத்துக்கு அடையாளம், ஒட்டுக்கு அல்ல.

படி 4: முடியவில்லை, மாட்டேன்

'வர முடியவில்லை': ஐ குடன்ட் கம். 'வண்டி கிளம்பவே மாட்டேன் என்றது': த பைக் வுடன்ட் ஸ்டார்ட். இங்கும் வினை மாறாது. ஹாடன்ட் மட்டும் விலக்கு, அதற்குப் பின் வினையின் மூன்றாம் வடிவம் வரும். 'அவர் வந்தபோது நான் சாப்பிட்டிருக்கவில்லை': ஐ ஹாடன்ட் ஈட்டன் வென் ஹி கேம்.

படி 5: பதில் சொல்லும்போது

"நேத்து நீங்க வரலையா?" "ஆமா, வரலை." தமிழில் கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு 'ஆமா'. ஆங்கிலத்தில் நடந்ததா இல்லையா என்பதுதான் கணக்கு. 'டிடன்ட் யூ கம்?' என்றால், வராதவர் 'நோ, ஐ டிடன்ட்' என்க. வந்தவர் 'யெஸ், ஐ டிட்'. 'யெஸ், ஐ டிடன்ட்' என்றால் கேட்டவருக்கு நீங்கள் வந்தீர்களா இல்லையா என்றே புரியாது.

விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் சுருக்காமல் 'டிட் நாட்' என்றே எழுதுங்கள். கேள்வியை விரிக்கும்போது மட்டும் 'நாட்' இடம் மாறும்: 'டிட் யூ நாட் கம்?'