ஸ்கிராப் எஃகுத் தகட்டை பிரஸ்ஸில் ஏற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய இரும்பை (ஸ்கிராப்) உருக்கிச் செய்த தகட்டை அச்சில் அழுத்திப் பாகமாக்கும் பிரஸ் ஷாப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் நான் அன்று செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்கிறார்கள். எண்ணெய் தடவ மறப்பது போன்றவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

"எத்தனை சதவீதம் ஸ்கிராப்?" என்று மட்டும் கேட்பது

பிரஸ்ஸில் மிஞ்சிய சுத்தமான துண்டுகளை உருக்கினால் நல்ல தகடே வரும். பழைய காரை மோட்டார், வயரோடு நொறுக்கிப் போட்டால் செம்பு ஏறிவிடும். செம்பும் வெள்ளீயமும் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டடக் கம்பி 0.4% செம்பு வரை தாங்கும். டீப் டிராயிங் தகட்டுக்கு, அதாவது கிண்ணம் போல ஆழமாக இழுத்து வடிவமாக்கும் தகட்டுக்கு, 0.06% தான் எல்லை.

செம்பை உலையில் எரித்துவிடலாம் என்று நம்புவது

முடியாது. இரும்புதான் முதலில் எரியும்.

நைட்ரஜன் அளவு இல்லாத சான்றிதழை ஏற்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஸ்கிராப்பை மின்வில்லின் (தொடர் மின்பொறியின்) சூட்டில் உருக்கும் மின்வில் உலையில் செய்த தகடு ஒரு லோடு வந்தது. துண்டை இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனையில் எல்லாம் அருமை. முதல் வாரம் அடித்த பேனல்களில் குறையே இல்லை. மீதிக் காயில்களை (தகட்டுச் சுருள்களை) இரண்டரை மாதம் கழித்துப் பிரித்தோம். பேனல் முழுக்க நெளிநெளியாக வரிகள். பெயிண்ட் அடித்தும் மறையவில்லை. நான் டையை (அச்சை) சந்தேகித்தேன். கழற்றி பாலிஷ் போட்டேன், எண்ணெயை மாற்றினேன், தகட்டின் ஓரத்தைப் பிடிக்கும் அழுத்தத்தை மாற்றினேன். பத்து நாள் வீண். அப்புறம்தான் அதே காயிலை மறுபடி இழுத்துப் பார்த்தோம்: முன்பு வழுவழுப்பாக இருந்த வரைபடத்தில், நெகிழத் தொடங்கும் இடத்தில் ஒரு முனை எழுந்திருந்தது.

வில்லின் சூட்டில் காற்றின் நைட்ரஜன் பிளந்து உருகிய எஃகில் கரைகிறது. ஆக்சிஜன் ஊதும் உலையில் 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் பங்கு) இருப்பது, மின்வில் உலையில் 70ஐ எளிதாகத் தாண்டும். அலுமினியமோ டைட்டானியமோ பிடித்துவைக்காத நைட்ரஜன், தகடு சும்மா கிடக்கும்போதே மெல்ல நகர்ந்து படிகக் குறைகளைப் பூட்டுகிறது. இந்த வரிகள் வராமலிருக்க ஆலையில் கடைசியாகக் கொடுத்த லேசான உருட்டலின் பலன் போய்விடுகிறது.

சான்றிதழில் நைட்ரஜனையும் அலுமினியத்தையும் சேர்த்தே பாருங்கள். முதலில் வந்த காயிலை முதலில் அடியுங்கள். நாள்பட்டதை மறுபடி சோதியுங்கள். வரி வந்தால் தகட்டை உருளைகளுக்கிடையே வளைத்து நிமிர்த்தும் ரோலர் லெவலரில் விட்டு உடனே அடியுங்கள்; கிடப்பில் போட்டால் வரி திரும்பிவிடும்.

நீட்சியை மட்டும் பார்ப்பது

ஆழமாக இழுக்க ஆர் மதிப்பும் (இழுக்கும்போது தகடு மெலியாமல் தாங்கும் திறனைக் காட்டும் எண்) வேண்டும்.

அடிக்கும் முன்பே இருக்கும் மேற்பரப்புப் பிளவுகளை விட்டுவிடுவது

ஆலையில் சூடாக உருட்டும்போதே செம்பு உருகி, எஃகின் நுண்படிகங்கள் ஒன்றையொன்று தொடும் தானிய எல்லைகளுக்குள் புகுந்திருக்கலாம். அந்தக் காயிலைத் திருப்பி அனுப்புங்கள்.