ஒரே நாளில் பழைய டெல்லி: செங்கோட்டை முதல் கபாப் சந்து வரை

டெல்லிக்கு முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் ஒரு வாடகைக் காரைப் பிடித்து, குதுப் மினார், இந்தியா கேட், செங்கோட்டை என்று ஒரே ஓட்டமாக ஓடிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் எங்கே தோசை கிடைக்கும் என்று தேடுகிறார்கள். பழைய டெல்லிக்கு அந்தக் கணக்கு சரிப்படாது. ஆக்ராவிலிருந்து தலைநகரை மாற்ற நினைத்த ஷாஜகான் 1639-இல் செங்கோட்டை வேலையைத் தொடங்கினார். அது முடிந்தது 1648-இல். கோட்டை வாசலிலிருந்து மேற்கே ஃபதேபுரி மசூதி வரை நேராக ஒரு சாலை, சுமார் ஒன்றரை கிலோமீட்டர். அதுதான் சாந்தினி சௌக். பார்க்க வேண்டியவையும் சாப்பிட வேண்டியவையும் அந்தச் சாலையிலோ அதை ஒட்டிய சந்துகளிலோதான் இருக்கின்றன. அதனால் இங்கே ஊர் சுற்றுவதையும் சாப்பாட்டையும் தனித்தனியாகத் திட்டமிடக் கூடாது. பசிக்கும் நேரத்தில் எந்தச் சந்துக்குப் பக்கத்தில் இருப்போம் என்று பார்த்து வழியை அமைத்துக்கொண்டால் போதும்.

படி 1: கிழமையைச் சரியாகப் பிடியுங்கள்

இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். திங்கட்கிழமை செங்கோட்டைக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மொத்த வியாபாரக் கடைகள் பலவும் மூடியிருக்கும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் ஜாமா மசூதிப் பக்கம் சுற்றிப் பார்க்க முடியாது. மிச்சம் செவ்வாய், புதன், வியாழன், சனி. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் சுதந்திர தின ஏற்பாடுகளுக்காகக் கோட்டையை மூடிவிடுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மாதம் என்றால் என் ஓட்டு பிப்ரவரிக்கும் மார்ச் முதல் பாதிக்கும்தான். நவம்பரில் புகைமூட்டம், ஜனவரியில் பனிமூட்டம். மே, ஜூன் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

படி 2: காலை எட்டு மணிக்கு சாவ்ரி பஜார்

புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் அடுத்த நிறுத்தமே சாவ்ரி பஜார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தங்குகிறவர்களுக்கு இது இன்னும் வசதி. மேலே ஏறி வந்தவுடன் பேட்மி பூரி போடும் கடைகளைத் தேடுங்கள். உளுந்தை மசாலாவோடு அரைத்து மாவில் சேர்த்துப் பொரிக்கும் பூரி, கூடவே காரமான உருளைக்கிழங்குக் குழம்பு. இங்கிருக்கும் ஷியாம் ஸ்வீட்ஸ் இதற்குப் பேர்போன பழைய கடை.

இரண்டு பேருக்கு ஒரு தட்டு வாங்குங்கள். கைவசம் இன்னும் ஐந்தாறு கடைகள் இருக்கின்றன. "ஆதா பிளேட்" என்றால் அரைத் தட்டு, "மிர்ச் கம்" என்றால் காரம் குறைவாக. இந்தி தெரியாதவர்களுக்கு அன்றைய நாளுக்கு இவ்வளவு போதும்.

குளிர்காலத்தில் போயிருந்தால் தள்ளுவண்டியில் வெள்ளைக் குன்று மாதிரி நுரையைக் குவித்து வைத்திருப்பார்கள். தௌலத் கி சாட் என்று பெயர். பாலைக் கடைந்து எடுத்த நுரை, மேலே குங்குமப்பூ, கோவா, சர்க்கரைப் பொடி. வெயில் ஏறினால் அமுங்கிப் போய்விடும் என்பதால் காலையிலேயே தீர்ந்துவிடும். டெல்லியில் ஒரே ஒரு பண்டத்துக்காக அலாரம் வைத்து எழுந்திருக்கலாம் என்றால் அது இதற்குத்தான்.

படி 3: கூட்டம் சேர்வதற்குள் செங்கோட்டை

சாவ்ரி பஜாரிலிருந்து பேட்டரி ரிக்‌ஷாவில் கோட்டைக்குப் போய்விடலாம். ஏறுவதற்கு முன்பே கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். நுழைவுச்சீட்டை முதல் நாளே ஆன்லைனில் எடுத்துவிட்டால் ஒரு வரிசை மிச்சம். பாதுகாப்புச் சோதனை வரிசையிலிருந்து தப்ப முடியாது.

லாகோரி வாசல் வழியாக நுழைந்தால் முதலில் வருவது கூரை போட்ட கடைவீதி, சத்தா சௌக். அதைத் தாண்டினால் முரசு மண்டபமான நௌபத் கானா, பிறகு பொதுமக்களுக்கு மன்னர் காட்சி தந்த திவானே ஆம், கடைசியில் நதிக்கரை ஓரமாகப் பளிங்கு மண்டபங்கள். முதல்முறை பார்க்கிறவர்கள் சிலர், "இவ்வளவுதானா? நடுவில் வெறும் புல்வெளியாக இருக்கிறதே" என்பார்கள். அந்தப் புல்வெளியில்தான் விஷயமே இருக்கிறது. 1857 கிளர்ச்சியை அடக்கிய பிறகு ஆங்கிலேயர்கள் உள்ளே இருந்த அரண்மனைக் கட்டடங்களில் பெரும்பகுதியை இடித்துத் தள்ளிவிட்டுப் படை வீரர்களுக்கான நீண்ட குடியிருப்புகளைக் கட்டினார்கள். இன்று தனித்தனியாக நிற்கும் மண்டபங்கள் ஒரு காலத்தில் முற்றங்களாலும் தாழ்வாரங்களாலும் இணைந்திருந்தவை. மண்டபங்களின் தரையில் ஒரு வாய்க்கால் தடம் தெரியும், பாருங்கள். அரண்மனை முழுக்கத் தண்ணீர் ஓடிய சொர்க்கக் கால்வாய் அதுதான். பின்பக்கம் மதிலை உரசி ஓடிய யமுனை விலகிப் போய், அந்த இடத்தில் இப்போது ரிங் ரோடு ஓடுகிறது.

மன்னர் முக்கியஸ்தர்களை மட்டும் சந்தித்த திவானே காஸ் மண்டபத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். மயிலாசனம் இருந்த இடம். 1739-இல் நாதிர் ஷா அதைத் தூக்கிக்கொண்டு பாரசீகம் போனார். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரை 1858-இல் ஆங்கிலேயர் விசாரித்ததும் இதே மண்டபத்தில்தான். பிறகு அவரை ரங்கூனுக்கு நாடு கடத்தினார்கள்.

நேதாஜி அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள். இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள் மீதான விசாரணை 1945-இல் இந்தக் கோட்டையில்தான் தொடங்கியது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்தவர்களில் தமிழர்கள் ஏராளம். வெளியே வரும் முன் கோட்டையிலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள். அடுத்த சில மணி நேரத்துக்கு அது எளிதில் கிடைக்காது.

படி 4: சாந்தினி சௌக்கில் நடை

2021-இல் புதுப்பித்துத் திறந்த பிறகு, காலை 9 முதல் இரவு 9 வரை இந்தச் சாலையில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. நடப்பதுதான் நல்லது. பையை மட்டும் முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள்.

சாலையின் தொடக்கத்தில் சிவப்பு நிற சமணக் கோயில். அதன் வளாகத்தில் பறவைகளுக்கென்று ஒரு மருத்துவமனை நடக்கிறது. அடுத்து கௌரி சங்கர் கோயில். கொஞ்சம் தள்ளி தரீபா தெரு முனையில் 1884 முதல் இருக்கும் ஜிலேபிக் கடை. விரல் தடிமனில், நெய்யில் பொரித்துப் பாகில் மூழ்கி எடுத்தது. ஒன்றே போதும், இரண்டாவதை முடிக்கத் திணறுவீர்கள்.

சீஸ் கஞ்ச் குருத்வாரா, சீக்கியர்களின் ஒன்பதாவது குரு தேக் பகதூரை 1675-இல் ஔரங்கசீப்பின் ஆணைப்படி தலை துண்டித்த இடத்தில் நிற்கிறது. தலையை மூடிக்கொண்டு, காலணியைக் கழற்றிவிட்டு யாரும் போகலாம். லங்கர் என்ற பொதுச் சமையல்கூடத்தில் உட்கார்ந்தால் இலவச உணவும் உண்டு.

இனி மதியச் சாப்பாடு. எல்லோரும் பராத்தே வாலி கலி என்ற பராத்தாச் சந்துக்குப் போகச் சொல்வார்கள். அங்கே பராத்தாவைத் தோசைக்கல்லில் சுடுவதில்லை, வாணலியில் நெய்யில் முக்கிப் பொரிக்கிறார்கள். முள்ளங்கி, பட்டாணி, முந்திரி, ரப்ரி (சுண்டக் காய்ச்சிய இனிப்புப் பால்) என்று வகை வகையாக உள்ளே வைப்பார்கள். வெங்காயம், பூண்டு இல்லாத சமையல் என்பதால் சுத்த சைவக்காரர்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம். என்னைக் கேட்டால் சுவையை விடப் பெயர்தான் பெரிது. ஆளுக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்.

வயிற்றில் மிச்சமிருக்கும் இடத்தை மெட்ரோ நிலையச் சந்துப் பக்கம் இருக்கும் நட்ராஜ் தஹி பல்லாவுக்கு ஒதுக்குங்கள். நம் ஊர் தயிர்வடையை நினைத்துக்கொண்டு வாயில் வைக்காதீர்கள். தாளிப்பு கிடையாது, தயிர் இனிக்கும், மேலே புளிச் சட்னி. முதல் வாய் திகைக்க வைக்கும், மூன்றாவது வாயில் பிடித்துவிடும்.

டவுன் ஹால் கட்டடம் நிற்கும் இடத்தில் ஷாஜகானின் மகள் ஜஹானாரா கட்டிய பெரிய சத்திரம் இருந்தது. இந்தக் கடைவீதியை வடிவமைத்தவரும் அவர்தான். நடுவில் ஒரு கால்வாய் ஓடியதாம், அதில் நிலா தெரிந்ததாம். இப்போது தலைக்கு மேல் மின்கம்பிகளும் விளம்பரப் பலகைகளும்தான் தெரிகின்றன.

படி 5: காரி பாவ்லி

சாலை ஃபதேபுரி மசூதியில் முட்டி நிற்கும். அதன் பக்கவாட்டில் தொடங்குகிறது காரி பாவ்லி என்ற மசாலா மொத்தச் சந்தை. கைக்குட்டை அவசியம். மிளகாய் நெடியில் வியாபாரிகளே இருமிக்கொண்டுதான் விலை சொல்வார்கள். மூட்டை சுமப்பவர்கள் வந்தால் உடனே ஒதுங்கி வழிவிடுங்கள், அவர்களால் நிற்க முடியாது. ஏலக்காயையும் மிளகையும் இங்கே வாங்காதீர்கள், அவை நம் பக்கத்து மலைகளிலிருந்து ரயிலேறிப் போனவை. வாதுமை, அக்ரூட், உலர்ந்த ஆப்ரிகாட், கசூரி மேத்தி (உலர்ந்த வெந்தயக் கீரை) வாங்கலாம். தாகமாக இருந்தால் அருகிலேயே கியானி கடையில் ரப்ரி பலூடா.

படி 6: பல்லிமாரான் வழியாக ஜாமா மசூதி

வந்த வழியே திரும்பாமல் மூக்குக் கண்ணாடிக் கடைகள் நிறைந்த பல்லிமாரானில் நுழையுங்கள். அங்கே கலி காசிம் ஜான் என்ற சந்தில் உருதுக் கவிஞர் காலிப் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வீடு சிறு நினைவகமாக இருக்கிறது. அங்கிருந்து ஹௌஸ் காஸி சந்திப்பு. சைவக்காரர்கள் மாலைச் சிற்றுண்டியை இங்கே முடித்துக்கொள்ள வேண்டும்: சாட், அப்புறம் சீதாராம் பஜார் பக்கம் குரேமல் கடையில் மாம்பழத்துக்குள் அடைத்த குல்ஃபி. மசூதிக்கு அந்தப் பக்கம் போனபின் கிட்டத்தட்ட எல்லாமே அசைவம்.

1656-இல் கட்டி முடித்த ஜாமா மசூதியின் முற்றத்தில் 25,000 பேர் தொழலாம். மாலை வெயிலில் செங்கல் நிறமும் பளிங்கு வெள்ளையும் நன்றாகத் தெரியும். முழங்காலை மூடும் உடை வேண்டும். தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்பதால் சூரிய மறைவுக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

படி 7: மட்டியா மஹலில் இரவு உணவு

தெற்கு வாசல் படிகளில் இறங்கினால் நேர் எதிரே மட்டியா மஹல் தெரு. அதிலிருந்து பிரியும் கலி கபாபியானில் 1913 முதல் கரீம்ஸ் இருக்கிறது. நிஹாரி என்பது இரவெல்லாம் சிறு தீயில் வேகும் இறைச்சிக் குழம்பு. உண்மையில் அது காலை உணவு, இப்போது பல கடைகளில் மாலையிலும் தருகிறார்கள். அதற்குத் துணை புளித்த மாவில் சுட்ட கமீரி ரொட்டி. சீக் கபாபுக்குத் தெருவோரக் கரியடுப்புகளையும் நம்பலாம், கூட்டம் நிற்கிற அடுப்பாகப் பார்த்துக்கொள்ளுங்கள். தர்பூசணித் துண்டு மிதக்கும் இளஞ்சிவப்புப் பால் சர்பத்தும் தெருவிலேயே கிடைக்கும். வயிறு சட்டென்று கோளாறு செய்கிறவர்கள் ஐஸ் போட்ட அந்தச் சர்பத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

திரும்ப ஜாமா மஸ்ஜித் மெட்ரோ நிலையம் நடக்கும் தூரத்தில்தான். ஊதாத் தடத்தில் காஷ்மீரி கேட் போய் மஞ்சள் தடத்துக்கு மாறினால் புது டெல்லி வந்துவிடும். இரவு பத்து மணிக்குள் நிலையத்துக்குள் இருந்துவிடுங்கள்.