முல்லைத்தீவுக் கடலின் 62 நாள் அலை: உண்மையா, கணக்குப் பிழையா?

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளை ஒருத்தி, முல்லைத்தீவுக்கு அப்பாலுள்ள கடல்மட்டத்தைச் செய்மதித் தரவிலிருந்து வரைந்து கொண்டுவந்தாள். வளைகோடு ஒரு மாதம் ஏறுகிறது, அடுத்த மாதம் இறங்குகிறது. "சேர், இது நீரோட்டமா?" இருக்கலாம். அதற்கு முதல் ஒரு கல்குலேட்டரை எடுங்கள்.

படி 1: கரையில் தொடங்குவோம்

சந்திரனால் வரும் முக்கிய வற்றுப்பெருக்கு 12.4206 மணித்தியாலத்துக்கு ஒருமுறை சுற்றும். அதனால் பெருக்கு நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தும். தினமும் காலை 6 மணிக்கு மீன் வாங்கக் கரைக்குப் போகிறவர், வாடிக்கு முன்னால் நட்டிருக்கும் தடியைப் பார்க்கிறார் என்று வையுங்கள். தண்ணீர் 15 நாளில் ஒரு சுற்று ஏறி இறங்குவதாகவே அவருக்குத் தெரியும். கடல் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கியது. அவர் பார்த்தது நாளுக்கு ஒருமுறை. இது விளங்கினால் மிச்சம் எல்லாம் வெறும் வகுத்தல்தான்.

படி 2: செய்மதி எப்போது பார்க்கிறது?

கடல்மட்டம் அளக்கும் செய்மதிகளில், 1992 இல் ஏவிய ரொபெக்ஸ்-பொசைடனும், பின்வந்த ஜேசன் வரிசையும், சென்ரினல்-6 உம் 1336 கிலோமீற்றர் உயரத்திலிருந்து ஒரே இடத்தை 9.9156 நாளுக்கு ஒருமுறை அளக்கும்படி அமைந்தவை.

9.9156 × 24 = 237.97 மணி
237.97 ÷ 12.4206 = 19.16

முழுச் சுற்று 19 ஐ விடுங்கள், அது செய்மதிக்குத் தெரியாது. மிஞ்சிய 0.16 தான் ஒவ்வொரு வருகையிலும் தெரியும் நகர்வு. தசமத்தை வெட்டாமல் 0.1597 என்றே எடுங்கள். 1 ÷ 0.1597 = 6.26 வருகை. அதை 9.9156 ஆல் பெருக்கினால் 62 நாள்!

சூரியனின் 12 மணி வற்றுப்பெருக்குக்கும் இப்படியே செய்யுங்கள். 19.8312 வரும், 20 க்கு 0.1688 குறைவு. விடை ஏறத்தாழ 59 நாள்.

படி 3: கழித்த பிறகும் ஏன் மிஞ்சுகிறது?

தரவைத் தருபவர்கள் எஃப்.ஈ.எஸ் 2014 போன்ற கணினி மாதிரியால் வற்றுப்பெருக்கைக் கணித்துக் கழித்துவிடுகிறார்கள். ஆழ்கடலில் அது நன்றாகப் பொருந்தும். மன்னார்ப் பக்கம், பாக்கு நீரிணை போல ஆழமற்ற கடலில் அடித்தளமும் கரையின் வளைவும் அலையை மாற்றுவதால் மாதிரி தடுமாறும். கரைக்கு மிகக் கிட்ட, செய்மதி அளக்கப் பயன்படுத்தும் ராடர் எதிரொலியில் நிலமும் கலக்கும். மாதிரி 3 சென்ரிமீற்றர் பிழைத்தால், அந்த 3 சென்ரிமீற்றரும் உங்கள் வரைபில் 62 நாள் அலையாக நிற்கும். உலகக் கடல்மட்டம் ஆண்டுக்கு ஏறுவதோ சில மில்லிமீற்றர்தான்.

படி 4: வேறு செய்மதியால் சோதியுங்கள்

எனக்கு மிகப் பிடித்த படி இது. சென்ரினல்-3 வருவது 27 நாளுக்கு ஒருமுறை. அதே கணக்கில் சந்திர வற்றுப்பெருக்கின் பிழை ஏறத்தாழ 157 நாள் அலையாகும். அதிலும் 62 நாளே தெரிந்தால் அலை கடலினுடையது. வங்காள விரிகுடாவில் ஓரிரு மாத அலைகள் உண்மையாகவே உண்டு, அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள். 62 நாள் போய் 157 நாளாக மாறினால் பிழையைப் பிடித்துவிட்டீர்கள்.

62 ஐயும் 59 ஐயும் பிரித்தறிய மூன்று ஆண்டுத் தரவாவது வேண்டும். சென்ரினல்-3 ஒரே சூரிய நேரத்தில் வருவதால் சூரியப் பிழை அதில் அசையாமல் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும். எத்தனை ஆண்டு சேர்த்தாலும் அது வெளியே வராது. அதற்குக் கரையில் மணிக்கு மணி எடுத்த அளவீடுதான் வேண்டும். முல்லைத்தீவிலிருந்து பார்த்தால், திருகோணமலையில் அப்படியொரு நிலையம் இருக்கிறது.